அறிவிப்புல இருந்து அடுப்பு வரைக்கும்: ஒரு மாநில அரசுத் திட்டத்தை நாமளே ஆராயறது எப்படி

2023-24 பட்ஜெட்டுல கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு 7,000 கோடி ஒதுக்கினாங்க, அடுத்த வருஷம் 13,720 கோடி. இத பாத்துட்டு ஒரே வருஷத்துல ரெண்டு மடங்கு ஆக்கிட்டாங்கன்னு யாராவது சொன்னா, பெருமைக்கு சொன்னாலும் சரி குறைக்கு சொன்னாலும் சரி, ரெண்டுமே தப்பு. ஒரு பேப்பர எடுத்து கணக்கு போட்டுப் பாருங்க. திட்டம் தொடங்கினது 2023 செப்டம்பர் 15, அந்த நிதியாண்டு முடிய மார்ச் வரைக்கும் எண்ணினா ஏழு மாசம், ஏழு மாசத்துக்கு 7,000 கோடின்னா மாசம் 1,000 கோடி, ஆளுக்கு 1,000 ரூபாய்னா அது 1 கோடி பேர். அடுத்த வருஷம் பன்னெண்டு மாசம், ஒருத்தருக்கு வருஷத்துக்கு 12,000, 13,720 கோடிய அதால வகுத்தா சுமாரா 1 கோடி 14 லட்சம் பேர். அப்போ உண்மையில கூடினது என்னன்னா மாசக் கணக்கும் கொஞ்சம் பயனாளிகளும்தான். 2025-26ல 13,807 கோடி, அதையும் வகுத்துப் பாருங்க, 1 கோடி 15 லட்சம் வரும், அரசு சொன்ன பயனாளி எண்ணிக்கையும் அதேதான்.

இந்த மாதிரி கணக்கு போட பிஎச்டி வேணாம், எக்கனாமிக்ஸ் டிகிரி வேணாம். வேண்டியது ஆவணத்த தேடி எடுக்குற பொறுமையும், படிக்கறதுக்கு முன்னாடியே முடிவு எடுக்காம இருக்கறதும் மட்டும்தான். கொள்கை ஆராய்ச்சின்னா ஏதோ டெல்லியில ஏசி ரூம்ல பண்றதுன்னு நினைச்சு நம்ம ஊர் பசங்க நிறைய பேர் ஒதுங்கிடறாங்க, எனக்கு அது உண்மையிலேயே வருத்தமா இருக்கு, ஏன்னா நம்ம வாழ்க்கையத் தொடுற பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரேஷன், பஸ், பட்டா எல்லாமே பெரும்பாலும் கோட்டையில முடிவாகுறதுதான். அதனால நான் கத்துக்கிட்டத இங்க எழுதறேன். உதாரணத்துக்கு முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தையே பிடிச்சுக்கறேன், நீங்க வேற எத எடுத்தாலும் வழி கிட்டத்தட்ட இதேதான்.

கேள்விய சின்னதாக்குங்க

"காலை உணவுத் திட்டம் நல்லதா இல்லையா" ங்கறது ஆராய்ச்சிக் கேள்வியே இல்ல, அது பட்டிமன்றத் தலைப்பு. "எங்க ஒன்றியத்துல இருக்குற அரசு தொடக்கப் பள்ளிகள்ல திட்டம் வந்தப்புறம் பிள்ளைங்க வருகை மாறுச்சா, மாறலன்னா ஏன்" இது கேள்வி. இடம் இருக்கு, காலம் இருக்கு, அளக்கறதுக்கு ஒரு பொருள் இருக்கு. ஆரம்பத்துல நானும் பெருசாத்தான் எடுத்தேன், மூணு மாசம் படிச்சுட்டு ஒரு வரி கூட எழுத முடியல, அப்புறம் ஒரே ஒரு ஒன்றியம்னு சுருக்கினதுக்கு அப்புறம்தான் வேலை நகர்ந்துச்சு.

கேள்விய முடிவு பண்ணதும் அடுத்தது இது யாரோட அதிகாரம்னு பாக்கணும். அரசமைப்புச் சட்டத்தோட ஏழாவது அட்டவணையில மூணு பட்டியல் இருக்கு. பொது சுகாதாரம், காவல், நிலம் எல்லாம் மாநிலப் பட்டியல். கல்வி முன்னாடி மாநிலப் பட்டியல்ல இருந்துச்சு, 1976ல 42வது திருத்தத்துல பொதுப் பட்டியலுக்கு போயிடுச்சு. இது வெறும் வரலாறு இல்ல, இன்னைக்கு நடக்குற சண்டையே இதுலதான் நிக்குது. சமக்ர சிக்ஷாங்கற பள்ளிக் கல்வித் திட்டத்துல மத்திய அரசு 60 பங்கு மாநிலம் 40 பங்கு, மத்திய அரசோட பிஎம்ஸ்ரீ பள்ளி ஒப்பந்தத்துலயும் புதிய கல்விக் கொள்கையிலயும் தமிழ்நாடு கையெழுத்துப் போட மறுத்ததால 2024-25க்கு வரவேண்டிய 2,152 கோடி வரலன்னு மாநில அரசு 2025 மே மாசம் சுப்ரீம் கோர்ட்டுக்கு போச்சு. அதே வருஷம் ஆகஸ்ட் 8ம் தேதி ஓய்வுபெற்ற நீதிபதி முருகேசன் தலைமையில அமைச்ச குழுவோட அறிக்கைய வச்சு மாநிலக் கல்விக் கொள்கைய வெளியிட்டாங்க. இந்த விஷயத்த ஆராயணும்னா ரெண்டு பக்கக் காகிதத்தையும் படிக்கணும், ஒரு பக்கத்த மட்டும் படிச்சா நம்ம எழுதறது அறிக்கையா இருக்காது, துண்டுப் பிரசுரமாத்தான் இருக்கும்.

அறிவிப்பு வேற, அரசாணை வேற

செய்தியில "முதல்வர் அறிவிப்பு" னு வர்றது வெறும் வாக்கு. சட்டமன்றத்துல 110 விதியின் கீழ் படிச்சாலும், பட்ஜெட் உரையில சொன்னாலும், மானியக் கோரிக்கை (ஒவ்வொரு துறைக்கும் பணம் ஒதுக்கச் சொல்லி சட்டமன்றத்துல கேக்கறது) விவாதத்துல அமைச்சர் சொன்னாலும் அதுக்கு உயிர் வர்றது அரசாணை போட்டதுக்கு அப்புறம்தான். அதனால முதல் வேலை, அந்தத் திட்டத்தோட அரசாணைய தேடிப் பிடிக்கறது. தமிழ்நாடு அரசு இணையதளத்துல துறைவாரியா அரசாணைங்க இருக்கு, எல்லாமே இருக்காது, ஆனா நிறைய இருக்கு.

அரசாணை படிக்கறதுக்கு ஒரு முறை இருக்கு. மேல "சுருக்கம்", அது என்ன விஷயம்னு சொல்லும். அதுக்குக் கீழ எந்தத் துறை, அரசாணை (நிலை) எண், நாள். அப்புறம் இதுக்கு முன்னாடி வந்த அரசாணைங்க, கடிதங்கள் எல்லாத்தோட பட்டியல் ஒண்ணு வரும், பல பேர் அத தாண்டிப் போயிடுவாங்க, தயவுசெஞ்சு போகாதீங்க, அதுதான் புதையல், எந்த இயக்குநர் எப்போ என்ன கருத்துரு அனுப்பினார்ங்கற சங்கிலி அங்கதான் இருக்கு, பின்னாடி தகவல் கேக்கும்போது அந்தக் கடித எண்ண சொல்லிக் கேட்டா "அப்படி ஒண்ணு இல்லை" னு யாரும் சொல்ல முடியாது. அடுத்தது "ஆணை". கடைசிப் பத்திகள்ல ரெண்டு விஷயம் கட்டாயம் பாருங்க: செலவு எந்தக் கணக்குத் தலைப்புல (செலவு வகைய காட்டுற எண், கீழ விளக்கறேன்) விழுதுன்னும், நிதித்துறையோட இசைவு இருக்கான்னும். நிதித்துறையின் அ.சா. குறிப்பு எண் இவ்வளவுன்னு ஒரு வரி வரும், அ.சா.ன்னா அலுவல் சாரா. அந்த வரி இருந்தா பணத்துக்கு சம்மதம் கிடைச்சிருக்குன்னு அர்த்தம்.

காலை உணவுத் திட்டத்தையே எடுத்தா கட்டம் கட்டமா போயிருக்கறது நல்லா தெரியும். 2022 செப்டம்பர் 15 மதுரையில தொடங்கினப்போ 1,545 அரசுப் பள்ளிகள், 1,14,095 பிள்ளைங்க. 2023 ஆகஸ்ட் 25ல திருக்குவளையில இருந்து மாநிலத்துல உள்ள எல்லா அரசு தொடக்கப் பள்ளிக்கும். 2024 ஜூலை 15ல கிராமப்புற அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு. 2025 ஆகஸ்ட்ல நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கு. இந்தத் தேதிங்கள ஒரு நோட்டுல வரிசையா எழுதி வச்சுக்கோங்க, ஏன்னு கீழ சொல்றேன்.

பட்ஜெட் புத்தகத்த பாத்து பயப்பட வேணாம்

பட்ஜெட் உரை கேக்க நல்லா இருக்கும், ஆனா ஆராய்ச்சிக்கு அது போதாது. நிதித்துறையோட பட்ஜெட் தளத்துல ஒவ்வொரு துறைக்கும் தனித்தனியா மானியக் கோரிக்கைப் புத்தகம் பிடிஎஃப்பா இருக்கும். கூடவே ஒவ்வொரு துறையும் சட்டமன்றத்துல வைக்கிற கொள்கை விளக்கக் குறிப்பு. குறிப்ப முதல்ல படிங்க, அது கதை மாதிரி இருக்கும், திட்டம் என்ன, எத்தனை பேர், என்ன பண்ணாங்கன்னு சொல்லும். ஆனா அது துறை தன்னப் பத்தி தானே எழுதுறது, அதனால அங்க இருக்குற ஒவ்வொரு எண்ணையும் மானியக் கோரிக்கையில போய் சரி பாருங்க.

மானியக் கோரிக்கையில வர்ற நாலு இலக்கக் கணக்குத் தலைப்புதான் எல்லாருக்கும் தலை சுத்தல். அதுல ஒரு ஒழுங்கு இருக்கு, தெரிஞ்சுட்டா ரொம்ப சுலபம். முதல் இலக்கம் 0 இல்ல 1னா வருவாய் வரவு, 2 இல்ல 3னா வருவாய் செலவு, அதாவது சம்பளம், மானியம், உதவித்தொகை மாதிரி ஓடிட்டே இருக்குற செலவு, 4 இல்ல 5னா மூலதனச் செலவு, கட்டடம் ரோடு மாதிரி நிக்குற செலவு, 6 இல்ல 7னா கடன். 2202 பொதுக் கல்வி, 2210 மருத்துவமும் பொது சுகாதாரமும், 2236 ஊட்டச்சத்து, 2049 வட்டி, 2071 ஓய்வூதியம். 2202க்கு ஜோடி 4202, ஒரே கல்விதான் ஆனா இது கட்டடப் பணம். பள்ளிக்கூடத்துக்கு வகுப்பறை கட்டவே மாட்டேங்கறாங்கன்னு எழுதணும்னா 2202ல தேடிப் பிரயோஜனம் இல்ல, 4202க்கு போகணும்.

அடுத்தது அட்டவணையில மேல இருந்து கீழ வர்ற பத்திகள். 2025-26 புத்தகத்த திறந்தா ஒவ்வொரு வரிக்கும் நாலு எண் இருக்கும்: 2023-24 கணக்கு, 2024-25 வரவு செலவுத் திட்ட மதிப்பீடு, 2024-25 திருத்த மதிப்பீடு (அந்த வருஷம் நடக்கும்போதே திருத்தினது), 2025-26 வரவு செலவுத் திட்ட மதிப்பீடு. இதுல உண்மையா செலவானது முதல் பத்தி மட்டும்தான், மத்த மூணும் நினைப்பு. நான் ஒரு தடவ இத கவனிக்காம ஒரு திட்டத்தோட ஒதுக்கீட்ட செலவுன்னே எழுதிட்டேன், கணக்கு வந்தப்போ அதுல பாதிகூட செலவாகல, எழுதினத நம்பி ரெண்டு பேர் மேடையிலயும் பேசிட்டாங்க. அதுல இருந்து நான் எந்த எண் எழுதினாலும் பக்கத்துலயே இது மதிப்பீடா, திருத்தமா, கணக்கான்னு எழுதாம விடறதில்ல, நீங்களும் முதல் நாள்ல இருந்தே அந்தப் பழக்கத்துக்கு வந்துடுங்க.

மதிப்பீட்டுக்கும் திருத்த மதிப்பீட்டுக்கும் நடுவுல பெரிய பள்ளம் இருந்தா அங்கதான் கதை இருக்குன்னு அர்த்தம். குறைஞ்சிருந்தா திட்டம் தாமதம், டெண்டர் முடியல, மத்திய பங்கு வரல, இப்படி ஏதோ ஒண்ணு. கூடியிருந்தா துணை மதிப்பீட்டுல, அதாவது வருஷ நடுவுல கூடுதலா கேக்குற பணத்தோட புத்தகத்துல, போய் தேடுங்க. இன்னொண்ணு, சில புத்தகத்துல எண்கள் ஆயிரத்துல இருக்கும், சிலதுல லட்சத்துல, சிலதுல கோடியில, மேல ஓரத்துல சின்ன எழுத்துல போட்டிருப்பாங்க, அத பாக்காம ஒரு சைபர விட்டுட்டா மொத்த வேலையும் போச்சு.

செலவு சரியா நடந்துச்சான்னு பாக்கறதுக்கு சிஏஜி, அதாவது இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரோட அறிக்கை இருக்கு. அரசமைப்புச் சட்டம் 151வது பிரிவுப்படி மாநிலத்தப் பத்தின அறிக்கை ஆளுநர்கிட்ட போய் சட்டமன்றத்துல வைக்கப்படும். சில வருஷம் பின்தங்கித்தான் வரும், ஆனா தணிக்கைக்காரங்க நேர்ல போய் பதிவேடு பாத்து எழுதினதுங்கறதால எனக்கு அதுமேல மரியாதை அதிகம். அதுல துறை என்ன பதில் சொல்லுச்சுங்கறதும் இருக்கும், அதையும் சேர்த்து மேற்கோள் காட்டுங்க, குற்றச்சாட்ட மட்டும் வெட்டி எடுக்காதீங்க. மாநிலத்தோட மொத்த நிதி நிலை புரியணும்னா 2021 ஆகஸ்ட்ல அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கைய படிக்கலாம், அரசியல் நோக்கம் இருந்தாலும் வருவாய் ஏன் குறைஞ்சுதுன்னு எளிமையா விளக்கியிருப்பாங்க. 2025 மார்ச்ல மாநில திட்டக் குழு தமிழ்நாட்டுக்குன்னு முதல் முறையா ஒரு பொருளாதார ஆய்வறிக்கை போட்டாங்க, பட்ஜெட்டுக்கு முந்தின நாள், அதுவும் நல்ல ஆரம்பம்.

புள்ளிவிவரத்துல வழுக்குற இடங்கள்

இங்கதான் நல்லா படிச்சவங்களே விழறாங்க. தேசிய குடும்பநல ஆய்வு நாலாவது சுற்றுல, அதாவது 2015-16ல, தமிழ்நாட்டுல வயசுக்கேத்த உயரம் இல்லாத குழந்தைங்க 27.1 சதவீதம், அஞ்சாவது சுற்றுல 25. இத எடுத்து காலை உணவுத் திட்டத்தால குறைஞ்சுதுன்னு எழுதினா ரெண்டு பெரிய ஓட்டை. அஞ்சாவது சுற்று 2019-21, திட்டம் வந்ததே 2022ல. ரெண்டாவது, அந்த அளவு அஞ்சு வயசுக்குக் கீழ உள்ள குழந்தைங்களுக்கு, திட்டமோ ஒண்ணுல இருந்து அஞ்சாம் வகுப்பு பிள்ளைங்களுக்கு. தேதிங்கள நோட்டுல எழுதி வைக்கச் சொன்னது இதுக்குத்தான்.

அதே மாதிரி ஒரே விஷயத்துக்கு ரெண்டு ஆய்வு ரெண்டு எண் சொல்லும். தமிழ்நாட்டுல ஒரு பெண்ணுக்கு சராசரியா எத்தனை குழந்தைன்னு கேட்டா குடும்பநல ஆய்வு 1.8ங்கும், பிறப்பு இறப்ப கணக்கெடுக்குற மாதிரிப் பதிவு முறை 2020க்கு 1.4ங்கும். யாரும் பொய் சொல்லல, கேக்குற விதம் வேற, மாதிரி எடுக்குற விதம் வேற. ரெண்டையும் ஒரே வரைபடத்துல கலந்து கோடு போடாதீங்க, அவ்வளவுதான். பொருளாதார வளர்ச்சியும் அப்படியே, 2024-25க்கு முதல்ல 9.69 சதவீதம்னு வந்துச்சு, கொஞ்ச மாசத்துல திருத்தி 11.19 ஆச்சு. அதனால எந்த எண் எழுதினாலும் எந்தத் தேதியில பாத்ததுன்னும் எழுதுங்க.

மாவட்ட அளவுல வேலை பண்றவங்க இத மறந்தே போயிடறாங்க: 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புல தமிழ்நாட்டுக்கு 32 மாவட்டம், இப்போ 38. கள்ளக்குறிச்சி விழுப்புரத்துல இருந்து பிரிஞ்சுது, தென்காசி திருநெல்வேலியில இருந்து, செங்கல்பட்டு காஞ்சிபுரத்துல இருந்து, ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் வேலூர்ல இருந்து, கடைசியா 2020ல மயிலாடுதுறை நாகப்பட்டினத்துல இருந்து. 2011 விழுப்புரத்தையும் இன்னைக்கு விழுப்புரத்தையும் ஒப்பிட்டா மாவட்டத்துல கிட்டத்தட்ட அஞ்சுல ரெண்டு பங்கு ஜனம் காணாம போன மாதிரி தெரியும். பழைய எல்லைக்கு புதுசுங்கள சேர்த்து கூட்டிக்கோங்க, இல்லன்னா வட்டம் அளவுல இறங்கிடுங்க.

இப்போ பள்ளி வருகைக்கு வருவோம். திட்டத்துக்கு முந்தின வருஷம் 2021-22, அந்த வருஷம் ஒண்ணாம் வகுப்புல இருந்து எட்டாம் வகுப்பு வரைக்கும் பள்ளி திறந்ததே கோவிடுக்கு அப்புறம் நவம்பர் 1ம் தேதி. அத 2022-23ஓட ஒப்பிட்டா சோறு போட்டாலும் போடாட்டியும் வருகை கூடித்தான் தெரியும். அப்போ என்ன பண்ணலாம்? முதல் கட்டத்துல வந்த பள்ளிகளுக்கும் 2023 ஆகஸ்ட்லதான் கிடைச்ச பள்ளிகளுக்கும் நடுவுல கிட்டத்தட்ட ஒரு கல்வியாண்டு இடைவெளி இருக்கு, அந்த இடைவெளியில ரெண்டு வகைப் பள்ளியையும் பக்கத்துல வச்சுப் பாக்கலாம். இதுலயும் ஒரு சிக்கல், முதல் கட்டத்துல மாநகராட்சி, மலைப்பகுதி, தொலைதூரப் பகுதின்னு பாத்துதான் எடுத்தாங்க, அதனால ரெண்டு வகைப் பள்ளியும் ஒரே மாதிரி இல்ல. இந்தக் குறைய மறைக்காம எழுதுங்க, அது உங்க வேலைய பலவீனமாக்காது.

தகவல் உரிமைச் சட்டத்துல எப்படி கேக்கணும்

வெளியில கிடைக்காதத 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல கேளுங்க. கட்டணம் 10 ரூபாய், கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினா போதும், வறுமைக் கோட்டுக்குக் கீழ இருக்குறவங்களுக்கு அதுவும் இல்ல. 30 நாள்ல பதில் வரணும். வரலன்னா, இல்ல வந்தது சரியில்லன்னா, 30 நாளுக்குள்ள அதே அலுவலகத்துல மேல் அதிகாரிக்கு முதல் மேல்முறையீடு, அதுக்கும் சரியா வரலன்னா 90 நாளுக்குள்ள மாநில தகவல் ஆணையத்துக்கு. தப்பான அலுவலகத்துக்கு போட்டுட்டா பயப்படாதீங்க, 6(3) பிரிவுப்படி அவங்களே அஞ்சு நாளுக்குள்ள சரியான இடத்துக்கு மாத்தி அனுப்பணும்.

"ஏன் எங்க ஊருக்கு திட்டம் வரல" னு கேக்காதீங்க, ஏன்ங்கற கேள்விக்கு பதில் சொல்ல அவங்களுக்கு கடமை இல்ல, இருக்குற ஆவணத்த தர்றதுதான் கடமை. "இந்த ஒன்றியத்துல 2023 ஜூன்ல இருந்து 2024 ஏப்ரல் வரைக்கும் பள்ளிவாரியா, மாசவாரியா காலை உணவு சாப்பிட்ட பிள்ளைங்க எண்ணிக்கை உள்ள பதிவேட்டோட நகல்" னு கேளுங்க. ஒரு மனுவுல மூணு நாலு கேள்விக்கு மேல வேணாம், இருபது கேள்வி போட்டா ஒண்ணுக்கு மட்டும் பதில் சொல்லி மூடிடுவாங்க. என்னோட முதல் மனுவுக்கு ஒரு அலுவலகத்துல "தகவல் தொகுக்கப்படவில்லை" னு ஒரே வரி வந்துச்சு, அப்போ ரொம்ப சோர்ந்து போனேன், அப்புறம் தொகுத்துக் கேக்காம பதிவேட்டு நகலாவே கேட்டேன், பக்கத்துக்கு 2 ரூபாய் கட்டினேன், வந்துச்சு. தொகுக்குற வேலைய நாம பண்ணிக்கலாம், ரெண்டு ராத்திரி எக்செல்ல உக்காந்தா முடிஞ்சுது.

அடுப்பு வரைக்கும் போங்க

காகிதம் எல்லாம் பாத்தாச்சுன்னா நேர்ல போங்க. தலைமையாசிரியர்கிட்ட முன்னாடியே சொல்லி அனுமதி வாங்கிட்டு போங்க, திடீர்னு கேமராவோட போய் நிக்காதீங்க, நாம சோதனை பண்ண வந்த அதிகாரி இல்ல, பிள்ளைங்க முகத்த படம் எடுக்கவே கூடாது. பெயர் எழுத வேண்டிய அவசியமே இல்ல, எழுதினாலும் வெளியிடாதீங்க.

கேக்குற விதத்துல நிறைய இருக்கு. "சாப்பாடு நல்லா இருக்கா" னு ஒரு பிள்ளைகிட்ட கேட்டா நல்லா இருக்குன்னுதான் சொல்லும், டீச்சர் பக்கத்துல நிக்கறாங்க. "நேத்து காலையில என்ன சாப்பிட்டே, எங்க சாப்பிட்டே" னு கேளுங்க. திங்கக்கிழமை உப்புமா வகை, செவ்வாய் கிச்சடி வகை, புதன் பொங்கல் வகைன்னு பட்டியல் இருக்கு, பிள்ளை சொல்றதும் பட்டியலும் ஒத்துப் போகுதான்னு நீங்களே பாத்துக்கலாம். அம்மாக்கள்கிட்ட "திட்டத்தால பயனா" னு கேக்காதீங்க, "முன்னாடி காலையில எத்தனை மணிக்கு எந்திரிப்பீங்க, இப்போ எத்தனை மணிக்கு" னு கேளுங்க, பதில்ல ஒரு வாழ்க்கையே வரும். மகளிர் இலவசப் பஸ் பயணத்தால மாசம் சராசரியா 888 ரூபாய் மிச்சமாகுதுன்னு மாநில திட்டக் குழு ஆய்வுல வந்தது நிறைய பேருக்கு தெரியும், ஆனா அந்தக் காசு அப்புறம் எங்க போச்சு, பிள்ளை டியூஷனுக்கா, மருந்துக்கா, சீட்டுக்கா, அந்தப் பஸ்ஸே வராத ஊர்ல இருக்குறவங்க நிலைமை என்னங்கறத சராசரி சொல்லாது, நீங்க போய் உக்காந்து பேசினாத்தான் வரும்.

எழுதும்போது நாலு பக்கத்துக்கு மேல போகாம பாத்துக்கோங்க, முதல் பத்தியிலயே கண்டுபிடிச்சத சொல்லிடுங்க, எண்ணுக்கெல்லாம் ஆவணத்தோட பேரும் பக்கமும் போடுங்க. பரிந்துரைன்னா "அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும்" னு முடிக்காம யார், என்ன, எந்தக் கணக்குத் தலைப்புல, எவ்வளவு செலவுலன்னு எழுதுங்க. மானியக் கோரிக்கை விவாதத்துக்கு ஒரு மாசம் முன்னாடி உங்க தொகுதி எம்எல்ஏ அலுவலகத்துக்கும் துறை இயக்குநருக்கும் ஒரு பிரதி போகட்டும், விவாதம் முடிஞ்சப்புறம் அனுப்பினா அடுத்த வருஷம் வரைக்கும் ஃபைல்ல தூங்கும்.

வெளியில அனுப்பறதுக்கு முன்னாடி, யாரப் பத்தி எழுதினீங்களோ அவங்ககிட்ட ஒரு தடவ படிச்சுக் காட்டுங்க. நான் ஒரு பள்ளியில சமைக்கிற சுய உதவிக் குழு அக்காகிட்ட படிச்சுக் காட்டினேன். பதிவேட்டுப்படி எட்டேகாலுக்கு உணவு பரிமாறி முடியுதுன்னு எழுதியிருந்தேன். அவங்க நிறுத்தச் சொன்னாங்க. மலைமேல இருந்து வர்ற ஆறு பிள்ளைங்களோட பஸ் எட்டே முக்காலுக்குத்தான் வரும், அவங்களுக்கு தனியா ஒரு டப்பாவுல எடுத்து மூடி வைக்கறேன், அது எந்த நோட்டுலயும் இல்ல தம்பின்னாங்க. அந்த ஆறு பிள்ளைங்க என் கணக்குல சாப்பிடாதவங்க பக்கம் இருந்தாங்க. வீட்டுக்கு வந்து அட்டவணைய திரும்பப் போட்டேன், பஸ் நேரத்துக்கு ஒரு புது பத்தி சேர்த்தேன், பரிந்துரையில போக்குவரத்துக் கழகத்தோட கிளை மேலாளரும் வந்தார்.